மவுஸைக் கழற்றிவிட்டு ஒரு ஜமக்காளம் வாங்கிப் பாருங்கள்

கேள்வி: பவானியில் நெசவாளர்களிடம் ஜமக்காளம் வாங்கி விற்கிறோம். மூன்று வருடமாக வெப்சைட்டிலும் விற்பனை நடக்கிறது. போன வாரம் ஒருவர் போன் செய்து, "எனக்குக் கண் தெரியாது. ஜமக்காளத்தைக் கார்ட்டில் போட்டுவிட்டேன். பணம் கட்டுகிற பட்டன் மட்டும் கிடைக்கவே இல்லை" என்றார். ஆர்டரைப் போனிலேயே எழுதிக்கொண்டோம். இதற்கிடையே ஒரு நிறுவனம், 'ஒரே ஒரு வரி கோடு (கம்ப்யூட்டர் நிரல்) சேர்த்தால் போதும், உங்கள் தளம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாகிவிடும்' என்று சொல்லி வருடக் கட்டணம் கேட்கிறது. வாங்கலாமா? இல்லை, தளத்தையே புதிதாகச் செய்ய வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் தளத்தை நேற்று மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்தேன். டேப் கீயை மட்டும் தட்டிக்கொண்டே போனேன். கூப்பன் எண் கேட்கும் கட்டம் வரை வந்தேன். அடுத்த தட்டலில் பக்கத்தின் அடியில் இருக்கும் வாட்ஸ்அப் படத்துக்குத் தாவிவிட்டது. நடுவில் பச்சையாய்ப் பெரிதாய் 'பணம் செலுத்து' என்று இருக்கிறதே, அதில் நிற்கவே இல்லை. உங்கள் வாடிக்கையாளர் சொன்னது அட்சர சுத்தம்.

காரணம் இதுதான். அது கண்ணுக்குத்தான் பட்டன். கோடில் அது 'டிவ்' என்னும் வெறும் பெட்டி, அதற்குப் பச்சை வண்ணம் பூசி, மவுஸ் கிளிக்குக்கு மட்டும் வேலை செய்யும்படி வைத்திருக்கிறார்கள். கீபோர்டு அதைக் கண்டுகொள்ளாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும் அதைப் 'பட்டன்' என்று அறிவிக்காது. வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லில் 'பட்டன்' என்றே ஒரு டேக், அதாவது குறிச்சொல், இருக்கிறது. அதைப் போட்டால் டேப் வந்து நிற்கும், என்டர் தட்டினால் வேலை செய்யும், பெயரும் வாசிக்கப்படும். உங்கள் டெவலப்பருக்கு அரை மணி நேர வேலை.

இன்னொன்றும் பார்த்தேன். டேப் தட்டும்போது இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் சுற்றுக்கோடு தெரியவில்லை. அழகாக இல்லை என்று யாரோ 'அவுட்லைன்: நன்' எழுதி அதை அழித்திருக்கிறார்கள். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு அந்தச் சுற்றுக்கோடுதான் வழிகாட்டி. திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடுத்த சோதனை போனில். ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போனால் கிடைக்கும். (அதை எப்படி அணைப்பது என்று முதலில் படித்துக்கொள்ளுங்கள். ஓட ஆரம்பித்தபின் ஒரு தட்டு எதையும் திறக்காது, இரண்டு தட்டு தட்ட வேண்டும். புதிதாகத் தொடுகிறவர்கள் பதறிப்போவது இங்கேதான்.) வலப்பக்கம் விரலை இழுத்து ஒவ்வொன்றாக நகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜமக்காளம் வாங்கிப் பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் சோதிக்க என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, இலவசம்.

உங்கள் தளத்தில் எனக்குக் கேட்டதைச் சொல்கிறேன். நிறம் தேர்ந்தெடுக்கும் நான்கு வட்டங்களும் 'பெயரில்லாத பட்டன்' என்றே நான்கு முறை ஒலித்தன. எது சிவப்பு, எது பச்சை? படத்துக்கு 'ஐ.எம்.ஜி. 2034' என்று கேமரா வைத்த பெயர்தான் கேட்டது. கடைக்கு வருகிறவரிடம் சரக்கை எப்படி வாயால் சொல்வீர்களோ, அதைத்தான் ஆல்ட் வாசகமாக, அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் வரியாக, எழுத வேண்டும்: 'சிவப்பும் பச்சையும் அகலப் பட்டைகளாக ஓடும் ஜமக்காளம், 6க்கு 9 அடி'. 'படம்' என்று ஆரம்பிக்க வேண்டாம், அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். ஓரத்தில் அலங்காரமாக வைத்த பூவேலைக்கு ஆல்ட் என்று கோடில் எழுதி, அதன் வாசகத்தை மட்டும் காலியாக விடுங்கள். ஆல்ட்டையே எழுதாமல் விட்டால் ஃபைல் பெயரை வாசித்துக் கழுத்தறுக்கும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இரண்டு கோளாறுகளும் உங்களிடம் இருக்கின்றன. பக்கத்தின் தலையில் மொழி 'என்' என்று, அதாவது ஆங்கிலம் என்று, எழுதியிருக்கிறது. ரெடிமேட் டெம்பிளேட்டில் வந்தது அப்படியே நின்றுவிட்டது. அதை நம்பி ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் புறப்படும். சில குரல்கள் தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் தாண்டியே போய்விடும். அந்த 'லாங்' மதிப்பை 'டி ஏ' என்று மாற்றினால் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். இரண்டே எழுத்து.

மற்றது 'எங்களைப் பற்றி' பக்கம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய நோட்டீஸை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஸ்கிரீன் ரீடருக்குக் கிடைப்பது 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்'. யூனிகோடுக்கு மாற்றுங்கள். கூகுள் தேடலிலும் அந்தப் பக்கம் அப்போதுதான் அகப்படும்.

பார்வை மங்கியவர்களுக்கு: விலையை 999999 என்ற நிறக் குறியீட்டில், வெளிர்சாம்பலில், போட்டிருக்கிறீர்கள். வெள்ளைப் பின்னணியில் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, 2.85:1தான். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்கு 4.5:1 கேட்கிறது. வெள்ளைமேல் 777777 நூலிழையில் தோற்கும், 767676 தேறும். நானாக இருந்தால் கறுப்பே போடுவேன், விலையை ஒளித்துவைத்து யாருக்கு லாபம்? பின்கோடு தப்பானால் கட்டம் சிவப்பாவதோடு நிறுத்தாமல், 'பின்கோடில் ஆறு இலக்கம் வேண்டும்' என்று எழுத்திலும் சொல்லுங்கள். தறி வீடியோவுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுங்கள். போனில் ஆர்டர் எடுத்தது நல்ல காரியம், ஆனால் காது கேளாதவருக்கு அது வழியாகாது. அதனால் வாட்ஸ்அப் எண்ணையும் அதே இடத்தில் எழுத்தில் கொடுங்கள்.

இப்போது அந்த ஒரு வரி கோடு. ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். அந்த வசதிகளெல்லாம் தேவைப்படுகிறவரின் போனிலேயே இருக்கின்றன. கோடில் உள்ள ஓட்டையை மேலே ஒட்டும் ஒட்டு நம்பும்படி அடைப்பதில்லை. தன் கருவி எந்தத் தளத்தையும் டபிள்யூ.சி.ஏ.ஜி.க்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த அக்சஸிபி நிறுவனத்திடம் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025இல் 10 லட்சம் டாலர் வசூலித்தது. உங்கள் காசை டெவலப்பரின் நான்கு நாள் சம்பளமாகக் கொடுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 46ஆம் பிரிவில், சேவை தருகிறவர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளைப் பின்பற்றச் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) முறையால் அவதிப்பட்ட, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கு அந்தத் தீர்ப்பு வந்த வழக்குகளில் ஒன்று.

வேலையைப் பணம் கட்டும் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் செய்துகொண்டு வாருங்கள்: முதலில் அந்தப் பட்டன், பிறகு முகவரிப் படிவம், பிறகு நிற வட்டங்கள். பழைய சரக்கின் படங்களுக்கு மெதுவாக ஆல்ட் எழுதிக்கொள்ளலாம். முடிந்ததும் போன் செய்த அந்த வாடிக்கையாளரை நீங்களே கூப்பிட்டு, ஒருமுறை சோதித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அவர் செலவழிக்கும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். தள்ளுபடியில் ஜமக்காளம் கொடுப்பது கணக்கில் வராது.