பிளஸ் 1 பொதுத்தேர்வு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பிளஸ் 1 பொதுத்தேர்வை நீக்கியதை வரவேற்று எழுதியிருந்தீர்கள். என் மகள் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் 1 படிக்கிறாள். தீபாவளி விடுமுறை முடிந்ததுமே இயற்பியலில் பிளஸ் 2 புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். கேட்டால், “ரிவிஷனுக்கு நேரம் வேண்டாமா சார்?” என்கிறார்கள். பொதுத்தேர்வு இருந்தால் இந்தத் துணிச்சல் வந்திருக்குமா? பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் காரணம் காட்டி, இருந்த ஒரு பூட்டையும் கழற்றிவிட்டோம்.

பெயர் வேண்டாம்,
ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. 2017இல் அந்தத் தேர்வு அறிவிக்கப்பட்டதே இந்தக் காரணத்துக்காகத்தான். பிளஸ் 1 சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் 2 பாடத்தைத் தொடங்கி, ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்து, முழுப்பக்க விளம்பரம் கொடுத்த பள்ளிகளை நாம் பார்த்திருக்கிறோம். விடுதிக் கட்டணமும் கட்டிப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரில் பலர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ஆனால் நீங்கள் சொல்லும் பூட்டு எத்தனை உறுதியானது? இயற்பியலையே எடுத்துக்கொள்வோம். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த முப்பதை வாங்கித் தருவது எந்தப் பள்ளிக்கும் பெரிய காரியமில்லை. எழுத்துத் தேர்வு 70க்கு. அதில் 15 எடுத்து, எல்லாம் சேர்ந்து 35 வந்தால் தேர்ச்சி. வினாத்தாளின் முதல் பகுதியோ பதினைந்து ஒரு மதிப்பெண் வினாக்கள். பின்பக்க வினாக்களைக் கடைசி இரண்டு மாதம் தினமும் எழுத வைத்தால், பாடமே நடத்தாமல் ஒரு வகுப்பைத் தேற்றிவிட முடியும். போதாததற்கு, உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் 2 மதிப்பெண் மட்டுமே கணக்கு என்று 2018இல் அரசே அறிவித்துவிட்டது. அதன் பிறகு தனியார் பள்ளிக்கு பிளஸ் 1 தேர்வில் என்ன பயம்?

பயந்தவன் வேறொருவன். அரசுப் பள்ளியில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியலில் இருந்த பையன். பிளஸ் 1இல் தேறாவிட்டாலும் அவன் பிளஸ் 2 வகுப்புக்குப் போகலாம். ஆனால் பாக்கித் தாளையும் கூடவே சுமக்க வேண்டும். இரண்டு தாள் பாக்கி என்றால், மற்றவர்கள் ஆறு தாள் எழுதும் வருடத்தில் அவனுக்கு எட்டு. பாடத்தைத் தாண்டிப்போன பள்ளியைப் பிடிக்க வந்த சட்டம் பிடித்தது இவனை. நான் ரத்தை வரவேற்றது இவனுக்காகத்தான்.

அந்தத் தேர்வு ஒரே ஒரு முறை நன்றாகவே உதவியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொரோனாவால் 2021இல் பிளஸ் 2 தேர்வு நடக்காதபோது, மதிப்பெண் கணக்கிட முந்தைய வருடத்து பிளஸ் 1 மதிப்பெண்ணில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

உங்கள் மகள் இழப்பது என்ன என்பது அடுத்த வருடம் கணிதத்தில் தெரியும். வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் பிளஸ் 1 புத்தகத்தில் இருக்கின்றன. பிளஸ் 2வில் வருவது அவற்றின் பயன்பாடுகள். தொகையிடல் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை, வளைவரைக்குக் கீழுள்ள பரப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கைப் படிப்படியாக மனப்பாடம் செய்து எழுதும். எல்லையில் 2க்குப் பதில் 3 போட்டுக் கேளுங்கள், பேனா நின்றுவிடும். நீட் எழுதப்போகிற பிள்ளை என்றால் அடி இன்னும் பலமாக விழும். அதன் பாடத்திட்டத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

அரசின் மீது எனக்குள்ள குறை வேறு. தேர்வை எடுத்தது சரி. அந்த இடத்தில் வகுப்பறைக்குள் போய்ப் பார்க்கும் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். பிளஸ் 2 வினாத்தாளிலேயே, பிளஸ் 1 பாடம் தெரியாமல் தொட முடியாத சில கேள்விகளைச் சேர்த்திருக்கலாம். செலவே இல்லாத வழி அது. பள்ளிகள் தாமாகவே பழைய புத்தகத்தைத் திறக்கும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். தனியாகப் போகாதீர்கள், மகளைத்தான் குறிவைப்பார்கள். நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். பள்ளி மறுக்கும், பாடம் முடிந்துவிட்டது என்று சொல்லும். ஆகவே தேதியிட்ட வகுப்புக் குறிப்பேட்டின் நகல்களை மனுவோடு இணையுங்கள். எந்தப் பாடம் எத்தனை நாளில் ‘முடிந்தது’ என்பது அதிலேயே இருக்கும்.