கடைசியில் நிற்கிறவன் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கல்லூரி ஹாக்கி அணியின் முன்களத்தில் மூன்று வருஷம் லெஃப்ட் இன் ஆடியவன். பழைய ஆட்டக்காரர்கள் பதினெட்டுப் பேர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். 2025 ஜூன் மாதம் ஐரோப்பாவில் நடந்த ப்ரோ லீக்கில் இந்தியா வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றதிலிருந்து குழுவில் ஒரே ரகளை. ஸ்ரீஜேஷ் போன பிறகு கோலில் நம்பி நிறுத்த ஆளில்லை, பின்களத்தில் வயதானவர்களை அனுப்பிவிட்டு ஜூனியர்களைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. சண்டை முற்றி இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் நமக்குத் தேவையா? தமிழ்நாட்டுப் பையன்களை ஏன் எடுப்பதில்லை? தேர்வுக்குழுவில் நீங்கள் இருந்தால் யாரைத் தூக்குவீர்கள், யாரைச் சேர்ப்பீர்கள்? இளமையில் ஹாக்கி ஆடியதாக எங்கோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ச., பாபநாசம்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று காலையில்தான் குடமுருட்டிக் கரையில் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதனால் எழுதுகிறேன். இல்லாவிட்டால், ‘யாரைத் தூக்கலாம்’ என்று கேட்டு வருகிற கடிதங்களை, அது சினிமாவோ அரசியலோ ஹாக்கியோ, திறந்து மூடிவிடுவதுதான் என் வழக்கம்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடலாம். பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் தென்னாப்பிரிக்கர். 2023-இல் வந்தார். தடுத்து ஆடித்தான் ஜெயிக்க வேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர். 2024-இல் பாரிஸிலிருந்து வெண்கலத்தோடு திரும்பியபோது உங்கள் குழுவில் அவருக்கு மாலை போட்டிருப்பீர்கள். அவருடைய பாஸ்போர்ட் அப்போதும் இதேதான். அடுத்து, தமிழ்நாட்டுப் பையன்கள். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர். கார்த்தி செல்வம் அங்கிருந்து இந்திய அணிக்குப் போனவர். கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் போனார். 1980 மாஸ்கோ தங்கத்துக்குக் கேப்டனே நம் பாஸ்கரன்தான். இன்றைக்கு டெல்டாவில் எத்தனை பள்ளிக்கூடத்து அலமாரியில் ஹாக்கி ஸ்டிக் இருக்கிறது என்று கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். நீங்கள் அதைக் கேட்கவில்லை.

சரி, கீப்பருக்கு வருவோம்.

கடை நடத்துகிறவர் நீங்கள். ராத்திரி கல்லாவை எண்ணாமல் ஷட்டரை இறக்க மாட்டீர்கள். இந்த ஏழு ஆட்டத்தின் கோலை ஒருதரம் கூட்டிப் பார்த்தீர்களா? நெதர்லாந்திடம் 1–2, 2–3. அர்ஜென்டினாவிடம் 3–4, 1–2. ஆஸ்திரேலியாவிடம் 2–3, மறுபடியும் 2–3. பெல்ஜியத்திடம் 3–6. ஏழில் ஆறு, ஒற்றைக் கோலில் போனவை. மொத்தம் வாங்கியது 23, போட்டது 14. கடைசி நாள் அதே பெல்ஜியத்தை 4–3 என்று ஜெயித்தார்கள். அன்றும் மூன்று கோல் உள்ளே போயிருக்கிறது. அன்று உங்கள் குழுவில் கோல் கீப்பிங்கைப் பற்றி எத்தனை செய்தி வந்தது? ஒன்றுகூட இருக்காது. பட்டாசுப் படமாகப் போட்டிருப்பீர்கள்.

ஒற்றைக் கோலில் தோற்கிற அணிக்கு இரண்டு வழி இருக்கிறது. பின்னால் ஒன்று குறைவாக வாங்கலாம், முன்னால் ஒன்று கூடுதலாகப் போடலாம். இரண்டாவது வழி உங்கள் கட்சியில் யாருக்கும் தோன்றவே இல்லை பாருங்கள். லெஃப்ட் இன் ஆடினவரல்லவா, சரிதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆட்டத்தின் வீடியோவை எடுத்து, கோல் விழுந்த இடத்திலிருந்து இருபது நொடி பின்னால் தள்ளிவிட்டுப் பாருங்கள். எதிரணியின் பக்கத்தில் நம் முன்களத்துக்காரர் ஒருவர் பந்தை இழந்திருப்பார். இழந்தால் என்ன, ஹாக்கியில் பந்து கைமாறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இழந்தவர் அங்கேயே நிற்கிறார். இடுப்பில் கை. அம்பயரை ஒரு பார்வை. அதற்குள் மூன்று பாஸ். நடுக்களத்தில் ஆடுகிற நம்முடைய ஒரு ஹாஃப் இரண்டு பேருக்கு நடுவே அல்லாடுகிறார். கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டமான டி-க்குள் பந்து வருகிறது, ஃபுல்பேக் காலில் படுகிறது, பெனால்டி கார்னர். விதிப்படி நம் பக்கம் கோல் கோட்டில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான். மீதி ஆறு பேர் நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட வேண்டும். டிவி இந்த ஐந்து பேரின் முகமூடியைத்தான் காட்டுகிறது. இடுப்பில் கை வைத்தவர் நாற்பத்தைந்து மீட்டர் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறார். கோல் விழுந்ததும் நீங்கள் போனை எடுத்து ‘கீப்பரை மாத்து’ என்று தட்டுகிறீர்கள்.

குடமுருட்டித் தண்ணீரைக் குடிக்கிற ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரை உடைகிறது. எல்லோரும் உடைப்புக்கு ஓடுகிறோம். சவுக்குக் கட்டை அடிக்கிறோம், மணல் மூட்டையைப் போடுகிறோம், பாட்டும் வாங்குகிறோம். ‘இந்த இடத்துக் கரையை எவன் போட்டான்?’ நாலு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால், கீழே வடிகால் முழுக்க வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கும். ஆடியில் வெட்டியிருக்க வேண்டியது. தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி, எங்கே கரை மெலிந்திருந்ததோ அங்கே பிய்த்துக்கொண்டது. இருந்தாலும் அடுத்த வருஷமும் உடைந்த இடத்துக்குத்தான் புது மண். வடிகால் அப்படியேதான் கிடக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் வலித்துவிட்டது. அது வேறு கதை.

பாரிஸ் கால் இறுதியை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பிரிட்டனோடு. 17-ஆம் நிமிஷம் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. பெனால்டி கார்னரில் பந்தை நோக்கி முதலில் பாய்கிறவர் அவர். நாற்பது நிமிஷத்துக்கு மேல் பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆடினார்கள். 1–1-இல் முடித்து, ஷூட்-அவுட்டில் 4–2 என்று ஜெயித்தார்கள். ஸ்ரீஜேஷ் அன்று சுவராக நின்றார், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தைத் திரும்பப் பாருங்கள். ஆள் குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் முன்னால் ஆடுகிறவர்கள் எல்லாம் ஓடிவந்து டி விளிம்பில் குனிந்து நிற்கிறார்கள். பதினொரு பேர் இருக்கும்போது அது யாரோ ஒருவருடைய வேலை. பத்துப் பேர் ஆனதும் எல்லோருடைய வேலையும் ஆகிவிட்டது.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை.

1982 டிசம்பர் 1, டெல்லி ஆசிய விளையாட்டு, பாகிஸ்தானோடு இறுதி ஆட்டம். எங்கள் ஊர்ப் பாலத்தடி டீக்கடை ரேடியோவில் கேட்டோம். முதல் கோலை இந்தியா போட்டதும் டீக்கடைக்காரர் கடனுக்கே டீ கொடுத்தார். அப்புறம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, ஏழு. 1–7. மறுநாளே தேசம் ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. கீப்பர் மீர் ரஞ்சன் நேகி. காசு வாங்கிக்கொண்டு விட்டார் என்றார்கள், துரோகி என்றார்கள். பதினோரு பேர் ஆடிய ஆட்டத்தில் ஒரே ஒருவர் பெயர்தான் இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பதினாறு வருஷம் கழித்து, 1998 பாங்காக்கில் 32 வருஷத்துக்குப் பிறகு ஆசியத் தங்கம் வென்ற அணிக்குக் கீப்பர்களைப் பழக்கியவர் அதே நேகிதான். அந்தச் செய்தி எங்கள் டீக்கடைக்கு வந்து சேரவில்லை.

அந்த டிசம்பருக்கு அடுத்த பொங்கலில் எங்கள் ஊரில் ஒரு ஆட்டம். பொன்மலைப் பக்கத்திலிருந்து ஒரு அணி வந்திருந்தது. எல்லோரும் கான்வாஸ் ஷூ, ஒரே நிறத்தில் சட்டை. எங்களில் பாதிப் பேர் வெறுங்கால். பள்ளிக்கூட மைதானத்தின் ஆற்றுப்பக்கம் இன்னும் மழை ஈரம் காயவில்லை. பந்து அங்கே போனால் அப்பிக்கொண்டு நின்றுவிடும். நான் ரைட் ஹாஃப். எங்கள் கீப்பருக்குக் கிரிக்கெட் பேடுதான், அதிலும் இடது காலில் இரண்டு வார் அறுந்து போயிருந்தது. அவன் வீட்டுக் கொல்லையிலிருந்து வாழைநார் கொண்டுவந்து, குழாயடியில் நனைத்து, வார் இருந்த ஓட்டையில் கோத்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். காய்ந்த நார் நொறுங்கிவிடும், நனைத்துக் கட்டினால்தான் நிற்கும். இடைவேளையில் மறுபடி நனைத்தான். பக்கத்தில் நின்று பார்த்ததால் சொல்கிறேன், அன்று எங்கள் பதினோரு பேரில் தன் வேலைக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டு வந்தவன் அவன் ஒருவன்தான்.

திருச்சியிலிருந்து என் மாமா வந்திருந்தார். அவர் எதிரில் ஒரு கோலாவது போட்டுவிட வேண்டும் என்று எனக்கு. ஹாஃப் ஆடுகிறவன் கோல் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போனவன் திரும்பி வர வேண்டும் என்று மட்டும் டிரில் மாஸ்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் போனேன், போனேன், போய்க்கொண்டே இருந்தேன். ஐந்து வாங்கினோம். ஐந்தில் மூன்று நான் காலியாக விட்டுவிட்டுப் போன பக்கத்திலிருந்து வந்தவை. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்து வட்டமாக உட்கார்ந்திருந்தபோது மாஸ்டர் கேட்டார், ‘எவன்டா காரணம்?’ யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். ‘நம்ம டீமுலயும் ஒரு நேகி இருக்கான் சார்.’

சிரித்தார்கள். மாமாகூடச் சிரித்தார். அவன் குனிந்து வாழைநார் முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஈரநார் முடிச்சு சுலபத்தில் பிரியாது. அடுத்த ஆட்டத்துக்குப் புதுக் கீப்பர் நின்றான். ஆறு வாங்கினோம்.

உங்கள் குழுவை விட்டுப் போன இரண்டு பேரில் ஒருவர் கல்லூரியில் கோலில் நின்றவராக இருப்பார் என்று எனக்கு ஏனோ தோன்றுகிறது. அப்படியிருந்தால் இந்திய அணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள். பாபநாசத்துக்குள்ளேயே இருக்கிறவர் என்றால் நேரிலேயே போங்கள். ஹாக்கியைப் பற்றிப் பேச வேண்டாம். விலையைக் கேளுங்கள், மழையைப் பற்றிக் கேளுங்கள், அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் கீப்பர் இப்போது ஆற்றில் லஸ்கர். சட்ரஸ் என்கிற மதகின் பலகையை ஏற்றுவது, இறக்குவது, ராத்திரியில் டார்ச்சோடு கரை சுற்றி வருவது. அடுத்த வருஷம் ஓய்வு. ஜூன் 12 மேட்டூர் திறந்தார்களே, அன்று நாம் அர்ஜென்டினாவிடம் இரண்டாம் தடவை தோற்றோம். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் அவனைப் பார்க்கப் போனேன். சட்ரஸ் மேடையில் கிரீஸ் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். கீழே செம்மண் நிறத்தில் புதுத் தண்ணீர், குப்பையும் நுரையும் சுழன்றுகொண்டு.

‘மேட்ச்செல்லாம் பாத்தியாடா?’ என்றேன்.

‘எங்கேர்ந்து பாக்கறது. தண்ணி வந்துட்டுது, தூக்கமே இல்ல.’

‘ஏழு வரிசையாத் தோத்தாங்க.’

‘கீப்பரை மாத்தணும்னு சொல்லுவானுவளே?’

நான் சிரித்துவைத்தேன். நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்ததை அப்போதே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். ‘அந்தப் பொங்கல் மேட்ச்சு ஒண்ணு...’

‘எந்தப் பொங்கல்?’ என்று கேட்டுக்கொண்டே கிரீஸைப் பற்சக்கரத்தில் தடவினான். தெரியாமல் கேட்கிறானா, தெரிந்தே கேட்கிறானா என்று அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கரையில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்தினான். ஒன்பது பத்து வயசிருக்கும்.

‘நேகி மாமா! எங்க வாய்க்காலுக்கு எப்பத் தொறப்பீங்கன்னு அப்பா கேக்கச் சொன்னாங்க.’

‘சாயங்காலம் தொறக்கறேன்னு சொல்லு. நாத்தங்காலுக்கு மட்டும்தான், கண்டிஷனா.’

பையன் போய்விட்டான். அது என்ன பெயர் என்று அவன் யாரையும் கேட்டிருக்க மாட்டான். ஏதோ ஒரு சாமி பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

‘சொல்லு, என்ன பொங்கல்?’ என்றான் இவன், கையைத் துடைத்துக்கொண்டே.

‘ஒண்ணுமில்லடா’ என்றேன்.