வார்டு மெம்பருக்கு நிற்கலாமா?

கேள்வி: எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊராட்சி. 2025 ஜனவரியில் தலைவர், மெம்பர் எல்லோருக்கும் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து, தெரு லைட் எரியவில்லை என்றால்கூட யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. எம்.எல்.ஏ. ஆபீஸில் மனு கொடுத்தும் நடக்கவில்லை. அடுத்த தேர்தலில் நான் வார்டு மெம்பருக்கு நிற்க வேண்டும் என்று மகளிர் குழுவில் சொல்கிறார்கள். "மெம்பருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது, கைக்காசு போய் ஊர்ப்பகைதான் மிஞ்சும்" என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி

பதில்: நில்லுங்கள் சகோதரி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது அதுதான். ஆனால் தேர்தல் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் அந்த லைட். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரிகிற விளக்கு ஊராட்சியின் பொறுப்பு. குடிநீரும் அப்படித்தான். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் ஊர் டேங்க் வரை வருவது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. டேங்கிலிருந்து உங்கள் தெருக்குழாய்க்கு வருவது ஊராட்சியின் வேலை. சாக்கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் அதே கணக்கு. எம்.எல்.ஏ.விடம் கொடுத்த மனு கடைசியில் இங்கேதான் திரும்பி வரும்.

தலைவரும் மெம்பரும் இல்லாத இப்போது, அவர்களுக்குப் பதிலாக ஊராட்சியை நடத்தும் தனி அலுவலராக இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். மனுவை அவர் பெயருக்கு எழுதி, ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். கிராம ஊராட்சிகளோ சுமார் 12,500. சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி. உங்கள் தெருமுனையில் எது எரியவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இதனால்தான் உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் உங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியமும் கிடைக்காது. நஷ்டம் முழுக்க ஊருக்குத்தான்.

சரி, மெம்பருக்கு அதிகாரம் இல்லை என்கிறாரே உங்கள் வீட்டுக்காரர். தனி ஆளாகப் பார்த்தால் பெரிதாக இல்லைதான். சம்பளமும் கிடையாது. ஆனால் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு மெம்பர்கள்தான். அந்தத் துணைத்தலைவரும் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும். மன்றக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுவதும் மெம்பர்கள்தான். நிறைய ஊர்களில் மெம்பர்கள் கூட்டத்துக்குப் போகாமல், வீட்டுக்கு வருகிற தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதிகாரம் இல்லை என்ற பேச்சு அப்படித்தான் கிளம்பியது. நோட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரே ஒரு மெம்பர் உட்கார்ந்தாலும் கூட்டத்தின் போக்கு மாறும். மகளிர் குழுவில் வரவு செலவு பார்த்துப் பழகியவர் நீங்கள். அதை மன்றத்தில் செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2019 தேர்தலில் வார்டு மெம்பருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 100 ரூபாய். செலவு உச்சவரம்பு 9,000 ரூபாய். இந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னமும் இல்லை. ஓட்டுக்குப் பணம் கொடுத்துத்தான் ஜெயிக்க முடியும் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். சில நூறு ஓட்டுள்ள ஒரு வார்டில் எல்லா வீட்டு வாசலுக்கும் நீங்களே நடந்து போய்விடலாம். ஊர்ப்பகை பற்றி அவர் சொல்வதை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். எதிரே நிற்கப்போவது பங்காளி வீட்டுப் பெண்ணாகவே இருக்கலாம். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், தண்ணீர், விளக்கு, சாக்கடை பற்றி மட்டும் பேசுங்கள்.

அதற்கு முன்னால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள். தலைவர் இல்லாவிட்டாலும் தனி அலுவலர் நடத்த வேண்டும். குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். மக்கள்தொகை 3,000 வரையுள்ள ஊராட்சியில் கூட்டம் நடக்க 100 பேர் வந்தால் போதும். போனதும் கையெழுத்துக் கேட்பார்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும், அப்புறம் போடலாம். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று, உங்கள் வார்டு பெண்கள் வார்டா பொது வார்டா என்பது அறிவிப்பு வந்தால்தான் தெரியும். பொது வார்டாக வந்தாலும் பெண் நிற்கலாம், பின்வாங்காதீர்கள். 21 வயது முடிந்து, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பலருக்குப் பெயர் இன்னும் பிறந்த ஊரிலேயே இருக்கிறது. உங்களுடையது எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். அங்கேயே இருந்தால் படிவம் 8 எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். குழுப் பெண்களுடையதையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.