தலைமை ஆசிரியர் அறை: கேள்வி - பதில்

கே: ஆசிரியர் கூட்டத்தில் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்று தலையாட்டுகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வைக்க முடிவு செய்தோம். இரண்டே வாரத்தில் நின்றுபோனது. எங்கே தவறு?
– உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

ப: முதன்முதலாகக் கூட்டத்தில் வைத்துக் கேட்டதுதான் தவறு. பத்துப் பேர் பார்க்க ஹெச்.எம்.மிடம் "இது சரிவராது சார்" என்று சொல்வதை நம் ஊரில் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அங்கே சொல்லாமல், டீ குடிக்கும்போது தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். மாலை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் என்ற சங்கதி உங்கள் காதுக்கு வரவே வராது. அவர்கள் தலையாட்டியது "காதில் விழுந்தது" என்பதற்காக.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே திட்டத்தை அரைப் பக்கத்தில் எழுதி உதவித் தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு ஐந்து பாட ஆசிரியர்களையும் தனித்தனியே பத்து நிமிடம் பாருங்கள். உங்கள் அறைக்குக் கூப்பிட வேண்டாம். மேசைக்கு எதிரே நிற்க வைத்தால் மறுபடியும் "சரிங்க சார்"தான். அவர்களுக்கு வகுப்பில்லாத பீரியடில் நீங்களே போங்கள். "சம்மதமா?" என்று கேட்காதீர்கள், "எந்தக் கிழமை உங்களுக்குச் சிரமம்?" என்று கேளுங்கள். மறுப்புச் சொல்லத் தயங்குகிறவர்கூடச் சிரமத்தைச் சொல்லிவிடுவார்.

கூட்டத்தில் இளையவரை முதலில் பேசவிடுங்கள். சீனியர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஜூனியர் வாய் திறக்கமாட்டார். நீங்கள் கடைசியில் பேசுங்கள். சுற்றறிக்கையில் யார், எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, வர முடியாத நாளில் மாற்று யார் என்று பெயரோடு எழுதுங்கள். பெயர் இல்லாத தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், வேலைதான் நடக்காது.

ஜப்பானியப் பள்ளிகளிலும் முதல்வர், துணை முதல்வர், அந்தந்த வகுப்பு நிலை ஆசிரியர்கள் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுத்தான் பொதுக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். இதில் ஒரு ஆபத்து உண்டு. வேண்டிய நாலு பேரிடம் மட்டும் பேசினால் "ஹெச்.எம். ஆளுங்க" என்று ஒரு கோஷ்டி உருவாகிவிடும். வேண்டாதவரிடம் முதலில் போங்கள்.

கே: மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று அளக்கும் அதிகார இடைவெளிக் குறியீட்டில் இந்தியா 77, பின்லாந்து 33 என்று டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் சொல்கிறார். அப்படியானால் கலந்துபேசும் தலைமை நமக்கு ஒத்துவராதா?
– எம்.எட். மாணவி, திருச்சி

ப: எண்கள் சரி. ஆனால் அவற்றுக்கு அடிப்படை 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். கணினி நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. அதில் பள்ளி ஆசிரியர்கள் இல்லை. நாட்டுச் சராசரியை வைத்து ஒரு தலைமை ஆசிரியரை எடைபோடக் கூடாது. பின்லாந்தில் பள்ளி ஆய்வாளர் முறையே 1990-களின் தொடக்கத்தில் போய்விட்டது. அங்கே முதல்வர்கள் பலர் பாடமும் நடத்துகிறார்கள். நம் தலைமை ஆசிரியருக்கோ எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, மேலிடம் கேட்கும் புள்ளிவிவரம் என்று நாள் போய்விடுகிறது. மேலிருந்து வரும் உத்தரவை அப்படியே கீழே தள்ளப் பழகியவர், நாளாவட்டத்தில் உத்தரவு மொழியிலேயே பேசுவார். கலாசாரம் என்று நாம் பெயர் வைப்பதில் பாதி நிர்வாக அமைப்பு என்பது என் எண்ணம்.

ஆய்வேட்டுக்கு அளவுகோல் வேண்டுமென்றால் பள்ளித் தலைமையை அளக்கக் கல்வி ஆய்வாளர் பிலிப் ஹாலிங்கர் 1980-களில் வடிவமைத்த 50 கேள்விப் படிவம் இருக்கிறது. தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள் இரு தரப்பிடமும் கொடுங்கள். தலைமை ஆசிரியர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும்.

கே: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் வாயே திறப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.
– தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

ப: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆனால் உட்காரும் விதம் வேறு கதை சொல்லும். முன்வரிசை நாற்காலியில் ஊர்ப் பெரியவர் இருப்பார், அம்மாக்கள் சுவரோரம் நிற்பார்கள். எந்தத் தெருவில் இருந்து வந்தவர் நிற்கிறார் என்று கவனித்தால் உங்களுக்கே புரியும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், போதவில்லையென்றால் நீங்கள் உட்பட எல்லோரும் பாயில் உட்காருங்கள்.

"ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள், பிள்ளை உங்கள் கையில் அல்லவா இருக்கிறது! முதலில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, சமையற்கூடம் வரை நடந்துவிட்டு வாருங்கள். பிறகு "உங்க பொண்ணு இங்க பாத்ரூம் போகுதாம்மா, வீட்டுக்கு வந்துதான் போகுதா?" என்று கேளுங்கள், பேச்சு வரும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான நேரமா என்று பாருங்கள். தீர்மானத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டாமல் பதிவேட்டை நீட்டாதீர்கள்.

கே: என் வயது 36. என்னைவிட 15 வயது மூத்த ஆசிரியர் வகுப்பைப் பார்வையிடப் போனால் முகம் சுளிக்கிறார்.
– மெட்ரிக் பள்ளி முதல்வர், ஈரோடு

ப: முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பெல் அடிக்குமுன் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழு பீரியடும் இருங்கள். பாதியில் எழுந்து போனால் அதற்கு அவரே ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்வார். பிள்ளைகள் முன்னால் ஒரு திருத்தமும் வேண்டாம். அன்றைக்கே தனியாகப் பார்த்து, குறிப்பாக நன்றாக இருந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று என்று இரண்டை மட்டும் பேசுங்கள். பேசி முடித்த பிறகே பார்வைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அவர் அதை முதலில் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை நீங்கள் போகும்போது வகுப்பில் டெஸ்ட்தான் நடந்துகொண்டிருக்கும்.