6 வருடம் கழித்து ஊர்ப் பொங்கல்: கடன் வாங்கிக்கொண்டு வரலாமா?

கேள்வி: நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். 6 வருடம் கழித்து இந்தப் பொங்கலுக்கு மனைவி, 2 பிள்ளைகளோடு 20 நாள் லீவில் வருகிறேன். கையில் 15,000 திர்ஹம் இருக்கிறது. செலவுக் கணக்குப் போட்டால் 6.5 லட்சத்தில் நிற்கிறது. டிக்கெட் 1.3 லட்சம், தங்கைகள் 2 பேருக்கும் ஆளுக்கு ஒரு பவுன் 2.4 லட்சம், சீரும் துணிமணியும் 1.2 லட்சம், சொந்தபந்தங்களுக்கு ஒரு நாள் சாப்பாடு 60,000, பெட்டிச் சாமான் 50,000, வாடகைக் கார் 50,000. குறைகிற பணத்துக்கு இங்குள்ள பேங்க் 48 மாதத் தவணையில் லோன் தருகிறேன் என்கிறது. அதை வாங்கலாமா, இல்லை 8 மாதத்துக்கு முன் போட்ட 4 லட்சம் ரூபாய் என்ஆர்இ டெபாசிட்டை (வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை இந்திய பேங்கில் போட்டு வைப்பது) உடைக்கலாமா? மாமா வேறு ஒரு ஏக்கர் நஞ்சை விலைக்கு வருகிறது, தை பிறந்ததும் அட்வான்ஸ் கொடு என்கிறார். இத்தனை வருடம் கழித்து வெறுங்கையோடு வந்தான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

பதில்: தம்பி, முதலில் நல்லபடியாக வாருங்கள். பொங்கலுக்கு வருவதை ஒரு செலவு என்று நான் நினைக்கவே இல்லை. 6 வருடமாக அம்மா போனில் மட்டும் பார்த்த பேரப்பிள்ளைகள் வாசலில் நின்று பானை பொங்குவதைப் பார்க்கப்போகிறார்கள், அதற்குச் செலவழிக்கத்தான் சம்பாதிக்கிறோம். ஆனால் லோன் வேண்டாம், டெபாசிட்டையும் தொட வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அப்பா 80களில் குவைத்தில் இருந்தவர். 4 வருடம் கழித்து ஒரு பொங்கலுக்கு வந்தார். அத்தைகளுக்குப் பட்டுப்புடவை, தெருவுக்கே செண்ட் பாட்டில், கோடாலி தைலம் என்று வீடு ஜே ஜே என்று இருந்தது. காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் அம்மா ஒரு மஞ்சப்பையோடு டவுனுக்குப் போய் வந்தார், போகும்போது கையில் கிடந்த 2 வளையலும் திரும்பி வரும்போது இல்லை. அப்பாவின் திரும்பும் டிக்கெட்டுக்கு அதுதான் பணம். புடவை வாங்கிப் போன யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் அத்தைகளே அந்தப் புடவையை வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

சரி, கணக்குக்கு வருவோம். திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கையில் 3.6 லட்சம் இருக்கிறது, குறைவது 2.9 லட்சம். அதில் 2.4 லட்சம் தங்கம் மட்டும். பவுன் லட்சத்தைத் தாண்டிய காலத்தில் கடன் வாங்கித் தங்கம் கொடுப்பது உங்களையும் அழுத்தும், பதிலுக்குச் செய்ய வேண்டுமே என்று தங்கைகள் வீட்டையும் அழுத்தும். பொங்கல் சீர் என்பது புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், வேட்டி சேலைதான். அதை நீங்களே எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலில் இறக்குங்கள், 6 வருடமும் அப்பா கொண்டு போய்க் கொடுத்த சீரை இந்த முறை அண்ணன் கொண்டு வருகிறான் என்பதே அவர்களுக்குப் பெரிது. அப்புறம் ஒன்று, தங்கை பிள்ளைகளுக்குக் காதுகுத்து, சடங்கு என்று வரும்போது தாய்மாமன் சீர் எப்படியும் நீங்கள்தான் செய்தாக வேண்டும், தங்கத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நாள் கொண்டு வரும்போது, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களில் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரைதான் வரியில்லாத வரம்பு. அதுவும் நகையாக இருந்தால்தான், காசும் பிஸ்கட்டும் இதில் சேராது. புறப்படும் முன் சுங்கத்துறை இணையதளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தங்கம் போக மீதி 4.1 லட்சம். பெட்டிச் சாமானை 20,000க்குள் அடக்குங்கள், அங்கே கிடைக்கிற சோப்பும் பிஸ்தாவும் இப்போது அறந்தாங்கிக் கடைவீதியிலேயே கிடைக்கிறது. கார் 20 நாளும் வாசலில் நிற்க வேண்டியதில்லை, திருச்சியிலிருந்து வர, தங்கைகள் வீட்டுக்கு, குலதெய்வம் கோயிலுக்கு, திரும்பிப் போக என்று தேவைப்படும் நாளுக்கு மட்டும் எடுத்தால் 30,000 போதும். 3.6 லட்சத்தில் கணக்கு நேராகிவிட்டது. விருந்துச் சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், அது வேண்டும்.

டெபாசிட்டைத் தொடாதீர்கள் என்றதற்குக் காரணம், என்ஆர்இ டெபாசிட்டை ஒரு வருடம் முடியாமல் உடைத்தால் வட்டி ஒரு பைசா கிடையாது. நீங்கள் 8 மாதம் தாண்டிவிட்டீர்கள், இன்னும் 4 மாதம் பொறுத்தால் அந்த வட்டி கைவிட்டுப் போகாது, இந்தியாவில் அதற்கு வருமான வரியும் இல்லை. ஊரில் இருக்கும்போது ஆஸ்பத்திரி அது இதென்று நிஜமாகவே அவசரம் வந்தால், டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன் கேளுங்கள். 48 மாதத் தவணையை நினைத்தே பார்க்காதீர்கள், இந்தப் பொங்கலுக்கு வாங்கியதை இன்னும் 4 பொங்கல் வரை கட்டிக்கொண்டிருப்பீர்கள், நடுவில் வேலை போனால் அங்கே யார் துணை?

நஞ்சை விஷயத்தில் மாமாவிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், வீடும் வீட்டுமனையும் வாங்கலாம், நஞ்சையும் தோட்டமும் முடியாது. அப்பா பேரில் வாங்கிப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், அதையும் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசாமல் செய்யாதீர்கள். அட்வான்ஸ் 10,000கூட கொடுக்க வேண்டாம்.

வெளிநாடு போவதற்கு முன் ஊரில் தொடங்கிய பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே கிடந்தால் அதை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) மாற்றியாக வேண்டும், நேரில் வரும்போது முடித்துவிடுங்கள், பாஸ்போர்ட், விசா நகலோடு போங்கள். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கணக்கில் நாமினி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தைப்பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று 3 நாள் பேங்க் பூட்டியிருக்கும், அதனால் போகிக்கு முன்பே போய்விடுங்கள். அப்படியே கவுன்டரில் 50 ரூபாய் புதுத்தாள் ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 100 தாள், 5,000 ரூபாய், விருந்துக்கு வைத்ததிலேயே அடங்கும். மாட்டுப் பொங்கலன்று தெருப் பிள்ளைகள் எல்லாம் பொங்கல் காசுக்கு வருவார்கள், உங்கள் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.