கிராக் பதிப்பில் கற்றேன், இப்போது அதில் சம்பாதிக்கிறேன்

கேள்வி: கல்லூரியில் படிக்கும்போது நண்பன் கொடுத்த கிராக் (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த) போட்டோஷாப்பில்தான் டிசைன் கற்றுக்கொண்டேன். இன்று அதுவே என் தொழில், மென்பொருளும் அதேதான். பாட்டு, கேம் எல்லாம் இணையத்தில் ஒருவருக்கொருவர் கோப்புகளைப் பகிரும் டோரண்டில். ‘நகல் எடுத்தால் யாருக்கும் எதுவும் குறையாதே, அது எப்படித் திருட்டு?’ என்கிறான் நண்பன். எனக்கு உறுத்துகிறது. நான் செய்வது தவறா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அனுமதியில்லாமல் பதிவுசெய்த இசைத்தட்டுகளைத் திருட்டுப் பொருள் கடத்தலுக்கான சட்டத்தின் கீழ் கொண்டுவர முடியாது என்று 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அவற்றை விற்ற ஆள் தப்பிவிடவில்லை. பதிப்புரிமையை மீறியதற்கான தண்டனை அப்படியே நின்றது. பெயர் வேறு, அவ்வளவுதான்.

2013-இல் ‘கேம் டெவ் டைகூன்’ என்றொரு கேம் வந்தது. கேம் கம்பெனி நடத்துவதுதான் விளையாட்டே. அதை உருவாக்கிய சகோதரர்கள் இருவரும், வெளியிட்ட அன்றே ஒரு கிராக் பதிப்பைத் தாங்களே டோரண்டில் போட்டார்கள். அதில் ஒரு குறும்பு: கொஞ்ச தூரம் ஆடியதும், திருட்டு நகல்களால் ஆடுபவரின் கம்பெனி திவாலாகும். ஓசியில் ஆடியவர்களே ‘எல்லாரும் திருடுகிறார்கள், என்ன செய்வது?’ என்று இணையத்தில் புலம்பினார்கள்! முதல் நாள் கணக்கு: வாங்கியவர்கள் 214 பேர், கிராக்கில் ஆடியவர்கள் 3,104 பேர். கிராக் இல்லாவிட்டால் அத்தனை பேரும் வாங்கியிருப்பார்களா? மாட்டார்கள். ஆனாலும் அந்த 214-ஐப் பார்த்தபின் ‘எதுவும் குறையாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கற்றுக்கொண்ட காலத்துக்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். கையில் காசில்லை, ஆசை இருந்தது. இப்போது நீங்கள் பில் போடுகிறீர்கள். பணம் வரும்வரை மாதிரியின் குறுக்கே வாட்டர்மார்க் போட்டுத்தானே அனுப்புவீர்கள்? நகல் எடுத்தால்தான் எதுவும் குறையாதே, பிறகு எதற்கு அது? நண்பரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நியாயத்தைவிட அவசரமானது. பல கிராக்குகள் ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவு’ என்று சொல்லும். வாடிக்கையாளர்களின் கோப்புகள் இருக்கும் கணினியில் அதைச் செய்வது அவர்கள் வீட்டுக் கதவையும் திறந்துபோடுவதுதான்.

போட்டோஷாப் சந்தா கட்டுப்படியாகவில்லையா? ஜிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் போன்ற டிசைன் மென்பொருள்கள் எல்லாம் இலவசம். தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜிம்ப் உங்கள் பழைய பிஎஸ்டி (போட்டோஷாப்) கோப்புகளைத் திறக்கும், ஆனால் சில லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) பிசகலாம். அதனால் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு மாறுங்கள்.

பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்க வழி இருக்கும்போது டோரண்ட் எதற்கு? கேமில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். எங்குமே விலைக்குக் கிடைக்காத பழைய கேமை யாரோ காப்பாற்றி வைத்திருந்து நீங்கள் ஆடினால், சட்டம் ஒத்துக்கொள்ளாது. எனக்கு அது பெரிய பாவமாகத் தோன்றவில்லை. போன மாதம் வந்த கேமுக்கு இந்தச் சலுகை கிடையாது.