பருப்பை ஊறப்போட்டுவிட்டுக் கிளம்புங்கள்

அன்புள்ள அண்ணா,

நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். வார லீவு எனக்குச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நண்பர்கள் யாருக்கும் லீவு கிடையாது. போன வருஷம் பரணில் தாத்தாவின் டேப் ரெக்கார்டர் கிடைத்தது. அதிலிருந்து செவ்வாய் காலையில் மூர் மார்க்கெட் பக்கம் போய்ப் பழைய கேசட், சிடி தேடுவதும், வீட்டுக்கு வந்து மத்தியானச் சமையலை நானே செய்வதும் பழக்கமாகிவிட்டது. 40 கேசட் சேர்ந்திருக்கிறது. "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கே, எதுக்குடா வெயில்ல அலையுற" என்கிறார்கள் நண்பர்கள். "இருக்கிறது ஒரு நாள், நல்லாத் தூங்கி எந்திரியேன், சமையலை நான் பாத்துக்க மாட்டேனா" என்கிறார் அம்மா. சில வாரம் வீடு திரும்பவே 3 மணி ஆகிவிடுகிறது. அவசரமாக எதையோ கிண்டிச் சாப்பிட்டுப் படுத்தால் நாள் போச்சு. ராத்திரி மனசு உறுத்துகிறது. 27 வயதில் இந்த நாளைப் படிப்பு, கோர்ஸ் என்று உருப்படியாகச் செலவழிக்க வேண்டுமோ? இன்னொன்று, வாங்கும் கேசட்டில் பாதி ஓடுவதில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

ஆர்., அயனாவரம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது அந்த 3 மணிதான். மனசு உறுத்துவதற்குக் காரணம் கேசட் தேடுவது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேடலுக்கு ஒரு முடிவு இல்லாமல் போவதுதான் காரணம். பழைய சாமான் கடையில் அடுத்த அட்டைப்பெட்டி என்று ஒன்று எப்போதும் இருக்கும், அதற்குக் கீழே இன்னொன்று இருக்கும், கடைக்காரரும் "உள்ளே இன்னும் கிடக்கு சார்" என்பார். நாமாக எழுந்து வரவே மாட்டோம். வீட்டில் ஏதாவது ஒன்று நமக்காகக் காத்திருந்தால்தான் எழுந்து வருவோம்.

அதனால் நான் பல வருஷமாகச் செய்வதைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் துவரம்பருப்பும் கால் டம்ளர் கடலைப்பருப்பும் நாலு காய்ந்த மிளகாயும் சேர்த்து ஊறப்போட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2 மணி நேரம் ஊறினால் போதும், இரண்டரை ஆனாலும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பருப்பு தண்ணீரைக் குடித்துக் குடித்து, அரைக்கும்போது தளர்ந்துவிடும், உருண்டை பிடித்தால் குழம்பில் உடையும். நம்ம ஊர் வெயிலில் இன்னும் நேரம் போனால் புளித்த வாசனையே வந்துவிடும். கடையில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் பருப்பு ஊறிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு மனசின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். எனக்கு வாட்ச் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது. அந்த நாட்களுக்குப் பருப்பு உருண்டைக் குழம்பைப் போல ஒன்று இல்லை என்பது என் கட்சி. வந்ததும் பருப்பை நன்றாக வடித்துவிட்டு, சோம்பும் உப்பும் சேர்த்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் போட்டுப் பிசைந்து சின்னச் சின்னதாக உருட்டி வையுங்கள். குழம்புக்கு நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, புளி கரைத்து ஊற்றி, குழம்புத்தூள் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். குழம்பு வழக்கத்தைவிட நீர்க்க இருக்க வேண்டும், உருண்டை இழுத்துக்கொள்ளும். முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போடுங்கள். அது உடையாமல் மேலே மிதந்து வந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடலாம். கரண்டி போடக்கூடாது, சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து லேசாக ஆட்டிவிட்டால் போதும். சிலர் உருண்டையை ஆவியில் வேகவைத்துவிட்டுப் போடுவார்கள், உடையவே உடையாது. ஆனால் குழம்பிலேயே வெந்த உருண்டையின் ருசி அதில் வராது. கொஞ்சம் உடைந்தால் உடையட்டும், குழம்பு கெட்டியாகும், அவ்வளவுதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் நீங்கள் செய்யும் வேலையில் தப்புக்கு இடமே கிடையாது. ஒரு குழாயில் பெயர்ச்சீட்டு மாறினால் ஒரு ஆளின் மருந்தே மாறிப்போகும். அப்படி ஆறு நாள் விறைப்பாக இருந்துவிட்டு வருகிறவருக்கு, தப்புச் செய்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒரு நாள் வேண்டும். 50 ரூபாய் கொடுத்து வாங்கிய கேசட் ஓடவில்லை, போகட்டும். உருண்டை உடைந்தது, போகட்டும். தூங்கினால் உடம்பு ஆறும், சரிதான். ஆனால் எனக்கு என் வேலைக்காலம் முழுக்கத் தூக்கத்தைவிட இந்த மாதிரி அலைச்சல்தான் ஓய்வாக இருந்தது. கோர்ஸ் படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், நல்ல விஷயம். அதற்குச் செவ்வாய்க்கிழமை காலையை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மூர் மார்க்கெட் என்றதும் எனக்கு வேறு கட்டடம் ஞாபகத்துக்கு வரும். 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம், சென்ட்ரலுக்கு அடுத்து இருந்தது. அப்பா என்னை அங்கே கூட்டிப் போயிருக்கிறார். ஒரு பக்கம் பழைய புத்தகம், ஒரு பக்கம் கிராமபோன் தட்டு, இன்னொரு பக்கம் கண்ணாடித் தொட்டியில் மீன், கூண்டில் முயல், எனக்கு அந்த வயதில் முயல்தான் முக்கியம். கடைக்காரர் 10 ரூபாய் என்றால் அப்பா 3 ரூபாயில் ஆரம்பிப்பார், எனக்கு அது பயமாகக்கூட இருக்கும். 1985 மே மாதக் கடைசியில் அது எரிந்துபோனது. எரிந்த பிறகு அப்பா ஒரு நாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம், அதற்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள், நீங்கள் போவது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை எப்போதாவது லீவு மாற்றிக் கிடைத்தால் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், அங்கே புத்தகம்தான் அதிகம், அந்தத் தெருவை இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, போனில் இருக்கே என்கிற கேள்வி. நண்பர்கள் சொல்வது உண்மை, பாட்டு போனில் இருக்கிறது. நீங்கள் வாங்கிய 40 கேசட்டில் கையால் எழுதிய அட்டை உள்ளவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கி, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிந்து கொடுப்பார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறேழு பாட்டுக்கு மேல் பிடிக்காது. அதனால் அந்தப் பட்டியலைப் போட்டவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எந்தப் பாட்டை வைத்தார், எதற்கு அப்புறம் எதை வைத்தார், கடைசியில் மீந்த 2 நிமிடத்தில் எந்தப் பாட்டைப் பாதியில் வெட்டினாலும் சரி என்று சேர்த்தார் என்பதெல்லாம் அவருடைய முடிவு. அந்தப் பட்டியல் எந்தப் போனிலும் கிடையாது. நான் தேடிப் போவது அதற்குத்தான். பெரிய கம்பெனி கேசட்டுகளைவிடக் கையெழுத்துக் கேசட்டைத்தான் முதலில் எடுப்பேன். கடைக்காரர்கள் அதைக் குப்பை என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், விலையும் குறைவு.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. யாரோ இலங்கை வானொலியிலிருந்து பதிந்தது, ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அறிவிப்பாளரின் குரலை வெட்டப் பார்த்து, சில நேரம் ஒரு வார்த்தையின் பாதி உள்ளே வந்துவிடுகிறது. நாலாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் திடீரென்று ஒரு சத்தம் வரும். கடுகு வெடிக்கிற சத்தம். அதற்கு மேலே கறிவேப்பிலை விழுகிற அந்தச் சடசடப்பு. ஒரு பெண் குரல் மெதுவாக, "கதவைச் சாத்து, சத்தம் போகுது பாரு" என்கிறது. அப்புறம் கதவு சாத்தும் சத்தம், பாட்டு தொடர்கிறது. முதல் தடவை அதைக் கேட்டபோது நானும் அடுப்படியில்தான் நின்றிருந்தேன், என் சட்டியில் ஏதோ கருகுகிறது என்று திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அந்த இடத்தை மூன்று தடவை கேட்டேன். அந்தப் பாட்டு என் போனில் சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. எனக்கு இந்தப் பதிவுதான் வேண்டும். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று இன்றும் யோசிப்பேன்.

சமைக்கும்போது கேசட் கேட்பதில் இன்னொரு சௌகரியம், அது தானாக நின்றுவிடும். போனில் பாட்டு முடிவதே இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக அதுவே போட்டுக்கொண்டு போகும், கொஞ்ச நேரத்தில் நம் காது கேட்பதை விட்டுவிடும். கேசட்டில் ஒரு பக்கம் முடிந்ததும் டக் என்று பொத்தான் மேலே வரும், கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திருப்ப வேண்டும். கால் கிலோ சின்ன வெங்காயம் உரிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு பக்கம் ஆகும். அரைத்து, உருட்டி, குழம்பைக் கூட்டி வைக்க அடுத்த பக்கம். எல்பி என்கிற பெரிய இசைத்தட்டு என்றால் பக்கத்துக்கு இருபது நிமிடத்துச் சொச்சம்தான், இன்னும் அடிக்கடி எழ வேண்டும். ஆனால் எல்பி பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள் என்பேன், நல்ல நிலையில் உள்ள தமிழ்ப்படத் தட்டுகள் இன்று ஆயிரங்களில் போகின்றன. நான் அவற்றை வாங்குவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது.

அம்மா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஒரு நாள் சமைக்கிற நமக்கு அது ஓய்வு. மீதி ஆறு நாளும் அந்த அடுப்புக்கு முன் நிற்பவருக்கு அது ஓய்வாக இருக்காது. நீங்கள் சமைத்துவிட்டு, மிக்ஸி ஜாரையும் சட்டியையும் மேடையையும் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தால், அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை மற்ற நாளைவிட வேலை அதிகம். "நான் பாத்துக்க மாட்டேனா" என்று அவர் சொல்வதில் இதுவும் இருக்கலாம். சமைத்தால் பாத்திரம் தேய்த்து, அடுப்பு துடைத்து, மீந்த குழம்பைச் சின்னக் கிண்ணத்தில் மாற்றி வைப்பது வரைக்கும் நீங்களே செய்யுங்கள். அதற்கும் ஒரு பக்கம் கேசட் ஓடும். நான் இதைக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் உணர்ந்தேன், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி கேசட். வாங்கும்போது முதலில் நாடாவின் விளிம்பைக் கண்ணாடி வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரி படிந்திருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வைத்துவிடுங்கள், ஒரு பூஞ்சைக் கேசட்டை ஓட்டினால் அது ஹெட்டில், அதாவது டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கிற முனையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அடுத்து கீழ்ப்பக்கம் நடுவில் ஒரு மெல்லிய தகட்டின் மேல் சின்னப் பஞ்சுத்துண்டு ஒட்டியிருக்கும், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக, வந்து வந்து போகும். மூன்றாவதாக, மூலைகளில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ இருந்தால் திறக்கலாம், நாடாவை எடுத்து நல்ல கூட்டில் மாற்றிவிடலாம். ஒட்டிய கேசட்டைத் திறப்பது பெரும்பாடு.

வாங்கி வந்ததும் நேராக ஓட்டாதீர்கள். ஆறு பட்டைப் பென்சிலால் கையாலேயே கொஞ்சம் சுற்றிப் பாருங்கள், இறுகியிருந்தால் அங்கேயே தெரியும். இலகுவாகச் சுற்றினால் ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றி, அப்புறம் கேளுங்கள். எல்லாக் கேசட்டும் மெதுவாக இழுத்த மாதிரி பாடினால் கோளாறு கேசட்டில் இருக்காது, தாத்தாவின் டேப் ரெக்கார்டரில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்றிவிடலாம். ஹெட்டைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால், அது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை, எப்போதாவது நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய கிராமபோன் தட்டு ஒன்று கையில் வந்தால் அதை ஆல்கஹாலால் துடைத்துவிடாதீர்கள். அந்தத் தட்டில் இருப்பது அரக்கு, நம் காடுகளில் பூச்சி சுரக்கிற அதே அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரைந்துபோகும், பாட்டும் அதோடு போய்விடும்.

ஓடாத அந்தப் பாதிக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? பஞ்சு போனவை எத்தனை, ஸ்க்ரூ உள்ளவை எத்தனை என்று பிரித்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். என்னிடம் காலிக் கூடுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்